கூரை பல, பள்ளி ஒன்று
பினாங்கு பிரீ ஸ்கூல் நமக்குச் சொல்லும் பாடம்



பாயான் லெப்பாஸிலிருந்து டவுனுக்குப் போகிறவர்கள் குளுகோரைத் தாண்டிக் கிரீன் லேன் வழியாகப் போவது வழக்கம். இன்று அந்தச் சாலைக்கு ஜாலான் மஸ்ஜிட் நெகிரி என்று பெயர். ஆனாலும் ஊர் வாயில் அது இன்னும் கிரீன் லேன்தான். அந்தச் சாலையில் அகன்ற திடலும் அதற்குப் பின்னால் நீண்ட வெள்ளைக் கட்டடமுமாக ஒரு பள்ளி இருக்கிறது. "அது எந்த ஸ்கூல்?" என்று பிள்ளைகள் கேட்டால், "அதுவா, பிரீ ஸ்கூல்! பெரிய பெரிய ஆளுங்க படிச்ச இடம்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறோம். அந்தப் பெரிய பள்ளிக்கும் நம்முடைய தமிழ்ப்பள்ளிக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கிறோம்.

சம்பந்தம் உண்டு. இந்த நாட்டுத் தமிழ்க்கல்வி முதன்முதலில் கண் விழித்தது அந்தப் பிரீ ஸ்கூலின் மடியில்தான். அதை எடுத்துச் சொல்லவும், அதிலிருந்து நாம் படிக்க வேண்டிய பாடத்தை நினைவூட்டவுமே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

'பிரீ' என்றால் என்ன?

பிரீ ஸ்கூல் என்றதும் 'இனாமாகப் படிக்கலாம்' என்றுதான் பலர் பொருள் கொள்கிறார்கள். ஏழைப் பிள்ளைகளுக்குச் சம்பளம் வாங்காமல் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது உண்மையே. ஆனால் அந்தப் பெயரின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. எந்த இனத்துப் பிள்ளையானாலும், எந்தச் சமயத்துப் பிள்ளையானாலும் தடையில்லாமல் உள்ளே வரலாம் என்பதே அதன் பொருள். கதவு எல்லோருக்கும் திறந்திருந்த பள்ளி அது.

இன்று இது பெரிய விஷயமாகத் தோன்றாது. ஆனால் அந்தப் பள்ளி தொடங்கிய ஆண்டு 1816. பிரான்சிஸ் லைட் 1786இல் இந்தத் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கொடிக்குக் கீழ்க் கொண்டுவந்து அப்போது 30 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. சிங்கப்பூர் என்ற துறைமுக நகரமே அன்று இல்லை. கோலாலம்பூர் என்ற பெயரையே யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. அந்தக் காலத்தில், 'எல்லாப் பிள்ளைகளும் வரலாம்' என்று ஒரு பள்ளிக்கூடம் திறப்பது சின்னக் காரியமா?

பாதிரியார் ஹட்சிங்ஸ்

இந்தக் காரியத்தைத் தொடங்கி வைத்தவர் ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ் என்னும் ஆங்கிலேயப் பாதிரியார். கம்பெனி அரசாங்கத்தின் மதகுருவாகப் பினாங்குக்கு வந்தவர். மலாய் மொழியை ஆழமாகக் கற்றவர்; மலாய் பைபிளைத் திருத்தும் பணியிலும் ஈடுபட்டவர்.

ஜார்ஜ்டவுன் தெருக்களில் அவர் கண்டது என்ன? கப்பலுக்கும் கிட்டங்கிக்கும் கடைக்கும் வேலை தேடிப் பல தேசத்து மக்கள் வந்து குவிந்திருந்தார்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர், ஆச்சேக்காரர், பர்மாக்காரர் என்று எத்தனையோ வகை. அவர்களுடைய பிள்ளைகளில் பலருக்குப் பள்ளி என்பதே இல்லை. அநாதைப் பிள்ளைகள் தெருவில் திரிந்தார்கள். இவர்களுக்கு எழுத்தும் கணக்கும் கற்றுத்தர வேண்டும். அதோடு ஒரு தொழிலும் தெரிந்திருக்க வேண்டும் என்று ஹட்சிங்ஸ் அரசாங்கத்திடம் எடுத்துச் சொன்னார். பெற்றோருடைய சமய நம்பிக்கையில் பள்ளி கை வைக்கக் கூடாது என்பதும் அந்தத் திட்டத்திலேயே இருந்தது. ஒரு பாதிரியாரே இப்படி நினைத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

1816ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் பினாங்கு பிரீ ஸ்கூல் பிறந்தது. மலேசியாவிலேயே, ஏன், தென்கிழக்கு ஆசியாவிலேயே மிகப் பழமையான ஆங்கிலப் பள்ளி என்று அதைச் சொல்வார்கள். பத்து ஆண்டுகள் கழித்து 1826இல் மலாக்காவில் ஒரு பிரீ ஸ்கூலும், 1834இல் சிங்கப்பூரில் ஒரு பிரீ ஸ்கூலும் தோன்றின. பெயரைப் பார்த்தாலே அவற்றுக்கு வழிகாட்டி எதுவென்று புரியும். ஹட்சிங்ஸ் 1827இல் பினாங்கிலேயே காலமானார். பிரான்சிஸ் லைட்டை அடக்கம் செய்த அதே பழைய கல்லறைத் தோட்டத்தில்தான் அவரும் துயில்கிறார்.

அங்கே ஒரு தமிழ் வகுப்பு

இப்போது நம்முடைய கதைக்கு வருவோம். பிரீ ஸ்கூலில் ஆங்கிலம் மட்டும் கற்பிக்கத் திட்டமிடவில்லை. தாய்மொழியிலும் பிள்ளைகள் எழுதப் படிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு, அந்தப் பள்ளியின் ஒரு பகுதியாகத் தமிழ் வகுப்பும் தொடங்கப்பட்டது. இதையே மலாயாத் தமிழ்க்கல்வியின் தொடக்கம் என்று கொண்டு, 2016ஆம் ஆண்டில் நாடெங்கும் தமிழ்ப்பள்ளிகள் 200ஆம் ஆண்டு விழாவைக் கொண்டாடின. பிரீ ஸ்கூலும் அதே ஆண்டு அக்டோபரில் தன் 200ஆம் பிறந்தநாளைக் கண்டது. ஒரே ஆண்டில் இரண்டு பிறந்தநாள்!

ஆனால் பெருமையை மட்டும் சொல்லிவிட்டுக் கசப்பை மறைப்பது வரலாறு ஆகாது. அந்தத் தமிழ் வகுப்பு நிலைக்கவில்லை. போதிய ஆதரவு இல்லாமல் அது நின்றுபோனது. 1834இல் சிங்கப்பூர் பிரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்புக்கும் இதே கதிதான். அங்கும் சில ஆண்டுகளில் கதவு சாத்தப்பட்டது.

ஏன் இப்படி? அன்றைய நம் மக்களின் நிலையைப் பார்த்தால் காரணம் விளங்கும். அந்தக் காலத்தில் இங்கே வந்த தமிழர்களில் பெரும்பாலோர் ஆண்கள். சூலியா வியாபாரிகள், படகோட்டிகள், துறைமுகக் கூலிகள், கம்பெனி கொண்டுவந்த சிறைக் கைதிகள் என்று பலதரப்பட்டவர்கள். பெண்டு பிள்ளைகளை நாகப்பட்டினத்திலோ காரைக்காலிலோ விட்டுவிட்டு வந்தவர்களே அதிகம். 'நாலு காசு சேர்த்துக்கிட்டு ஊருக்குப் போயிடுவோம்' என்பதே அவர்கள் நினைப்பு. கடைத்தெருவில் கடை போட்டார்கள், பள்ளிவாசல் கட்டினார்கள், மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பினார்கள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் குயின் தெரு மாரியம்மன் கோயிலும் இன்றும் கம்பீரமாக நிற்கின்றன. ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை வேண்டுமே! பிள்ளையை அனுப்புகிற தாய் தகப்பன் வேண்டுமே! புத்தகம் வேண்டும், வாத்தியார் வேண்டும். இவை இல்லாத இடத்தில் கூரை இருந்து என்ன பயன்?

இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு பிரீ ஸ்கூலின் மீதிக் கதையைப் பாருங்கள்.

வாடகை வீட்டிலிருந்து கிரீன் லேன் வரை

இத்தனை பெரிய பள்ளி முதலில் சொந்தக் கட்டடத்தில் தொடங்கவில்லை. லவ் லேன் பகுதியில் ஒரு வாடகை வீடுதான் அதற்குத் தொட்டில். பிறகு சில ஆண்டுகளில் பர்குவார் தெருவுக்குப் போனது. 1818இல் கட்டி முடித்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த இடத்தில் பள்ளி நூறாண்டுக்கு மேல் இருந்தது.

பிள்ளைகள் கூடக் கூட இடம் போதவில்லை. 1896இல் ஒரு பாதியும் 1906இல் மறு பாதியுமாகப் பெரிய கட்டடம் எழும்பியது. வளைவுகளும் தூண்களும் கொண்ட அழகான கட்டடம். அதுவும் பத்திருபது ஆண்டுகளுக்குள் நிரம்பிவிட்டது. நகரத்துக்கு நடுவே விளையாடத் திடல் இல்லை. விரிவாக்க நிலமும் இல்லை. எனவே அன்று ஊருக்கு வெளியே இருந்த கிரீன் லேனில் புதுப் பள்ளி கட்டினார்கள். 1928 ஜனவரியில் மேல் வகுப்பு மாணவர்கள் அங்கே குடியேறினார்கள்.

அப்படியானால் பழைய கட்டடத்தைப் பூட்டிவிட்டார்களா? இல்லை. கீழ் வகுப்புப் பிள்ளைகள் அங்கேயே படித்தார்கள். அந்தப் பள்ளிக்கு ஹட்சிங்ஸ் ஸ்கூல் என்று பெயர் வைத்தார்கள். நகரத்தின் வேறு பகுதிகளில் பிரான்சிஸ் லைட் ஸ்கூல், வெஸ்ட்லண்ட்ஸ் ஸ்கூல் என்று மேலும் பள்ளிகள் எழுந்தன. இந்தப் பள்ளிகளில் படித்துத் தேறிய பையன்கள் கிரீன் லேனுக்குப் போவார்கள். ஆற்றுக்குக் கிளையாறுகள் தண்ணீர் கொண்டுவந்து சேர்ப்பதுபோல இவை பிரீ ஸ்கூலுக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தன. ஊர் முழுக்கப் பல வளாகங்களில் பரவியிருந்தும், 'நான் பிரீ ஸ்கூல் பையன்' என்ற ஒரே நினைப்பு அவர்களை இணைத்தது. 'உறுதியும் உண்மையும்' என்பது அந்தப் பள்ளியின் கொள்கை மொழியின் கருத்து.

குண்டு விழுந்தும் நிற்கும் பள்ளி

1941 டிசம்பர் 11ஆம் நாளை எந்தப் பினாங்குக்காரரும் மறக்க முடியாது. ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுன்மீது குண்டு மழை பொழிந்த நாள் அது. என்ன சத்தம் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்ற சனங்கள் தெருவிலேயே மாண்டார்கள். அடுத்து வந்த மூன்றரை ஆண்டு ஜப்பான்காரன் காலத்தில் பள்ளிப் படிப்பு தடைப்பட்டு எத்தனையோ பிள்ளைகளின் வாழ்க்கை திசை மாறியது. நம்மவர்களில் பலர் சயாம் மரண ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாமலே போனதும் அந்தக் காலத்தில்தான்.

போரில் விழுந்த குண்டுகள் பர்குவார் தெருக் கட்டடத்தையும் விடவில்லை. இரண்டு பாதியாக எழுந்த அந்தக் கட்டடத்தில் ஒரு பாதி இடிந்து அழிந்தது. மிச்சம் நின்ற பாதியில்தான் போருக்குப் பின்னும் பிள்ளைகள் படித்தார்கள். பிறகு 1965இல் அது பினாங்கு அரும்பொருளகம் ஆயிற்று.

நன்றாகக் கவனியுங்கள். பள்ளி வாடகை வீட்டில் இருந்தது, இடம் மாறியது, இரண்டாகப் பிரிந்தது, கிளை விட்டது, பாதிக் கட்டடம் இடிந்தது. ஆனாலும் பள்ளி நிற்கவில்லை. தமிழ் வகுப்புக்கோ தொடக்கத்திலேயே கூரை கிடைத்தது. ஆனாலும் அது நின்றுபோனது. ஆகவே ஒரு பள்ளி செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் நிலைப்பதில்லை. 'இது எங்கள் பள்ளி' என்று சொல்லித் தொடர்ந்து பிள்ளைகளை அனுப்புகிற மக்கள் இருந்தால்தான் அது நிலைக்கும். பிரீ ஸ்கூலுக்கு அப்படிப்பட்ட மக்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள்.

அங்கே படித்தவர்கள்

அந்தப் பள்ளியில் படித்துப் பேர் எடுத்தவர்களை எல்லாம் சொல்லப் புகுந்தால் இந்த மலரே போதாது. நான்கு பேரை மட்டும் பார்ப்போம்.

டாக்டர் வூ லியன் தே 1879இல் பினாங்கில் ஒரு பொற்கொல்லர் மகனாகப் பிறந்தவர். 1896இல் குவீன்ஸ் ஸ்காலர்ஷிப் பெற்றுக் கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்தார். 1910ஆம் ஆண்டு இறுதியில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் நோய் பரவி ஏறத்தாழ 60,000 பேரைக் கொன்றது. அந்த நோய் மூச்சுக் காற்றால் பரவுகிறது என்று கண்டு, துணியும் பஞ்சும் வைத்த முகக் கவசத்தை அணியச் செய்து அதை அடக்கியவர் இவர். 2020இல் கோவிட் வந்து நாமெல்லாம் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு திரிந்தோமே, அப்போது உலகம் நினைத்துக்கொண்ட பெயர்களில் ஒன்று இந்தப் பினாங்குக்காரருடையது.

சுதந்திர நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அலோர் ஸ்டாரில் மலாய்ப் பள்ளியில் படிப்பைத் தொடங்கியவர். பின்னர்தான் பிரீ ஸ்கூலுக்கு வந்தார். அங்கிருந்து இங்கிலாந்து சென்று படித்தார்.

திரைப்படக் கலைஞர் பி. ரம்லியை அறியாத வீடு உண்டா? அவர் முதலில் படித்தது கம்போங் ஜாவா மலாய்ப் பள்ளி. அடுத்து பிரான்சிஸ் லைட் ஸ்கூல். அதன் பிறகே பிரீ ஸ்கூல். கிளையாற்று வழியாகப் பெரிய ஆற்றுக்கு வந்தவர் என்றால் அவரைத்தான் சொல்ல வேண்டும்.

நான்காமவர் நம் பாயான் லெப்பாஸ்காரர்களுக்கு மிகவும் வேண்டியவர்: துன் டாக்டர் லிம் சோங் இயூ. 1937இல் குவீன்ஸ் ஸ்காலர்ஷிப் பெற்று எடின்பரோவில் மருத்துவம் படித்தவர். 1969 முதல் 1990 வரை பினாங்கு முதலமைச்சராக இருந்தார். வயலும் தோப்புமாகக் கிடந்த பாயான் லெப்பாஸில் 1972இல் தடையற்ற வர்த்தகத் தொழிற்பேட்டை வந்தது அவர் காலத்தில்தான். இன்டெல் போன்ற கம்பெனிகள் வந்தன. தோட்டங்களிலிருந்தும் கம்பத்திலிருந்தும் நம் அக்காமாரும் தங்கைமாரும் பாக்டரி பஸ் ஏறி வேலைக்குப் போனார்கள். பால்வாளி தூக்கிய கைகள் மின்னணுச் சில்லு பிடித்தன. 1985இல் பினாங்குப் பாலம் திறந்தது. இன்று டவுனிலிருந்து நம் பக்கம் வரும் கடலோர விரைவுச் சாலைக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

துங்குவும் ரம்லியும் முதலில் தாய்மொழிப் பள்ளியில் படித்துவிட்டுத்தான் பெரிய பள்ளிக்குப் போனார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். தாய்மொழியில் தொடங்கினால் பிள்ளை பின்தங்கிவிடும் என்று பயப்படுகிற பெற்றோருக்கு இதைவிட நல்ல பதில் ஏது?

தோட்டத்துப் பிள்ளை ஏன் போகவில்லை?

'எல்லோரும் வரலாம்' என்று சொன்ன பள்ளிக்குத் தோட்டத்துப் பிள்ளை ஏன் அதிகம் போகவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

கதவு திறந்திருந்தது, ஆனால் கதவு வரை போகும் பாதை திறந்திருக்கவில்லை. ஆங்கிலப் பள்ளி டவுனில் இருந்தது. தோட்டம் காட்டுக்குள் இருந்தது. சம்பளம், புத்தகம், பஸ் காசு எல்லாம் வேண்டும். அதற்குமேல் ஆங்கிலமும் தெரிய வேண்டும். டவுனில் குமாஸ்தா வேலை பார்த்தவர்களுடைய பிள்ளைகளுக்கு அது கைக்கெட்டியது. விடியற்காலை பெரட்டுக்கு நிற்கும் தாய் தகப்பனுடைய பிள்ளைக்கு எட்டவில்லை.

அந்தப் பிள்ளைகளுக்கு வேறு வழியாகப் பள்ளி வந்தது. 1912இலும் பிறகு 1923இலும் வந்த தொழிலாளர் சட்டங்கள், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்ற நிலையை உண்டாக்கின. அப்படி வந்த பள்ளிகள் எப்படி இருந்தன? லயத்து ஓரத்தில் ஒரு கொட்டகை. எல்லா வகுப்புக்கும் ஒரே வாத்தியார். சில இடங்களில் கிராணியோ மண்டோரோதான் வாத்தியார். நாலாம் வகுப்போ ஆறாம் வகுப்போ முடிந்ததும் பையன் கையில் பால்கத்தி.

அந்தக் கொட்டகைகளை வளர்த்தெடுத்தவர்கள் நம் மக்கள். வெள்ளிக்காசு வெள்ளிக்காசாகச் சேர்த்துப் பலகை வாங்கினார்கள், தகரம் போட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை வேலை செய்தார்கள். நாடு 1957இல் விடுதலை பெற்றபோது 880க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, மக்கள் இடம் பெயர்ந்தார்கள், சின்னப் பள்ளிகள் மூடப்பட்டன, இணைக்கப்பட்டன. இன்று நாட்டில் 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் நிற்கின்றன; பினாங்கு மாநிலத்தில் 28. பிரீ ஸ்கூலில் நின்றுபோன தமிழ் வகுப்பு செத்துப்போகவில்லை. நூறாண்டு கழித்துத் தோட்டத்து லயத்தில் மறுபிறவி எடுத்தது.

பதினைந்து பேர்

இன்றைய நிலை வேறு. 1970இல் முதலாம் ஆண்டு வகுப்பிலிருந்து ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய்மொழிக்கு மாறின. பிரீ ஸ்கூலும் இன்று தேசிய இடைநிலைப்பள்ளி. டவுனில் எத்தனையோ பெரிய பள்ளிகள் இருக்கின்றன. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்த நம் பிள்ளை, மலாய்மொழி கைவந்தால் நேரே முதலாம் படிவத்துக்குப் போகலாம். போதாதவர்கள் ஓராண்டு புகுமுக வகுப்பில் இருந்து போகலாம். பாதையும் திறந்துவிட்டது.

இங்கேதான் அந்தப் பழைய கேள்வி திரும்பி வருகிறது. நம் பிள்ளை பெரிய பள்ளிக்குப் போன பிறகு அவனுடைய தமிழ் என்ன ஆகும்?

நாட்டின் கல்விச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. ஒரு தேசியப் பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ் கற்பிக்க வசதி செய்து கொடுக்க வேண்டும். இடைநிலைப்பள்ளியிலும் இந்தப் 15 என்ற கணக்குத்தான் பேசப்படுகிறது. 15 பேர், அவ்வளவுதான். கேட்காமல் யாரும் கொண்டுவந்து கொடுக்கமாட்டார்கள். அழுத பிள்ளைக்குத்தான் பால்.

1816இல் கேட்பதற்கு ஆள் இல்லை. பிள்ளைகளும் பெண்டிரும் கடலுக்கு அப்பால் இருந்தார்கள். அவர்களை நாம் குறை சொல்ல முடியாது. ஆனால் இன்று நாம் இங்கேயே பிறந்து, இங்கேயே வாழ்ந்து, இந்த மண்ணுக்கே உரியவர்களாக இருக்கிறோம். இன்று ஓர் இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாமல் போனால் அதற்கு நாம் என்ன சாக்குச் சொல்வோம்? 'நேரமில்லே', 'ஷிப்ட் வேலை', 'மத்தவங்க கேக்கட்டும்' என்று சொல்வோமா?

ஆகவே பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை எந்த இடைநிலைப்பள்ளிக்குப் போனாலும், அந்தப் பள்ளியில் தமிழ் வகுப்பு உண்டா என்று முதல் வாரத்திலேயே விசாரியுங்கள். உண்டு என்றால் பெயரைப் பதியச் சொல்லுங்கள். இல்லை என்றால் அதே பள்ளியில் பிள்ளை படிக்கிற மற்ற 14 வீடுகளைத் தேடிக் கதவைத் தட்டுங்கள். எஸ்.பி.எம். தேர்வு வரை தமிழை ஒரு பாடமாக எடுக்கச் செய்யுங்கள்.

மாணவச் செல்வங்களே, இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் உங்களில் சிலர் நாளை கிரீன் லேனிலும் படிக்கக்கூடும். போங்கள்; பெருமையோடு போங்கள். உங்கள் மொழி அந்தப் பள்ளிக்குப் புதிய விருந்தாளி அல்ல என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். 200 ஆண்டுகளுக்கு முன்பே அது அந்தப் பள்ளிக்குள் போய் உட்கார்ந்திருந்தது. எழுந்து போன அந்தப் பிள்ளையைத் திரும்ப உள்ளே அழைத்துப் போகிற வேலை உங்களுடையது.